ஓக் மரத்திலிருந்து நாற்பது தப்படி

எங்கள் ஆர்க்மெனிலில் வருஷத்துக்கு நானூறு நாள் மழை பெய்யும். போன குளிர்காலம் அதையும் மிஞ்சிவிட்டது. வாத்துகள் தேவாலய வாசலில் ஒதுங்கி நின்று, மழை எப்போது விடும் என்று பார்த்துக்கொண்டிருந்ததை என் கண்ணால் கண்டேன். முப்பத்தெட்டு வருஷம் நார்மண்டி முழுக்கப் பால் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். காய்ந்த சட்டை எப்படி இருக்கும் என்றே தெரியாமல் வேலை பார்த்தவன். அப்படிப்பட்ட எனக்கே அந்த மழை பிடிக்கவில்லை.

இங்கே மழை வலுத்தால் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை. தரையைத்தான் பார்ப்போம். ஜனவரி முதல் வாரத்தில் பக்கத்து ஊரில் ஒரு கோழிக்கூண்டு, இருபத்திரண்டு கோழிகளோடு, காலை ஏழு மணிக்கு இருந்தது. ஏழே காலுக்கு இல்லை. அது நின்ற இடத்தில் வட்டமாக ஒரு ஓட்டை, விளிம்பெல்லாம் கத்தியால் வெட்டியதுபோல. நான் சொல்லும்போது கோழிகள் நாற்பது. ஆனால் ஓட்டையைப் பற்றி எதையும் கூட்டிச் சொல்லவில்லை, அதற்குத் தேவையே இல்லை.

நூற்றெழுபது வருஷத்துக்கு முன்னால், குளிர்காலத்தில் வயல்வேலை இல்லாத நாட்களில், எங்கள் ஊர்க்காரர்கள் கிணறு போல நேராகக் கீழே இறங்கி வெள்ளைச் சுண்ணாம்பு மண்ணை வெட்டி எடுத்தார்கள். புளித்துப்போன களிமண் வயலில் அதைக் கொட்டினால் கோதுமை நன்றாக வரும். அடியில் நாலாபக்கமும் அறை அறையாகக் குடைந்தார்கள். போதும் என்று தோன்றியதும், குழியின் தொண்டையில் குறுக்காக மரக்கட்டைகளை அடுக்கி, மேலே மண்ணைப் போட்டு மூடி, அடையாளத்துக்கு ஒரு மரத்தையும் நட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். எங்கே தோண்டினோம் என்று எழுதி வைத்தவர்கள் பத்துக்கு ஒருவர். கட்டை ஒருநாள் உளுத்துப்போகும் என்று யோசித்தவர் ஒருவரும் இல்லை.

ஊரில் எல்லோருக்கும் தெரிந்த குழி ஒன்றுதான், ஓக் மரத்துக் குழி. அரசாங்க வரைபடத்தில் அந்த மரத்தைச் சுற்றி அறுபது மீட்டருக்கு ஒரு சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். வட்டத்துக்குள் ஒரே ஒரு வீடு, கிஸ்லேனுடையது. சாலைக்கு மேற்கே, வட்டத்துக்கு வெளியே, என் வீடு. நானும் அவளும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். கணவன் லூசியேன் இறந்தபிறகு அந்த வீட்டை விற்றுவிட்டுத் துலூஸில் இருக்கும் மகளிடம் போய்விட வேண்டும் என்று நாலு வருஷமாகத் தவித்தாள். வட்டத்துக்குள் இருக்கும் வீட்டை யார் வாங்குவார்? வருகிறவர்கள் ரோஜாச் செடியைப் பாராட்டுவார்கள், பிறகு வரைபடத்தைப் பார்ப்பார்கள், பிறகு காரைத் திருப்புவார்கள்.

கடைசியில் கிறிஸ்துமஸுக்கு முன்னால் துளை போடும் இயந்திரம் வந்தது. ஓக் மரத்தைச் சுற்றி ஒன்பது துளைகள். ஒன்பதிலும் அடிவரை கெட்டித் தரை. ஓட்டை இல்லை, வெற்றிடம் இல்லை, குழியே இல்லை! ஊரே கொண்டாடியது. ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை ஊர்மன்றம் கூடி, வட்டத்தை எடுத்துவிடலாம் என்று அரசாங்கத்துக்கு எழுதுவதாக இருந்தது. ரூவானிலிருந்து ஒரு இளம் தம்பதி, ஆறு வயது இரட்டைப் பெண்களோடு, வீட்டை வாங்கத் தயாராக இருந்தார்கள்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் மறந்துபோயிருந்த ஒரு சத்தம் திரும்பக் கேட்டது.

காரணம் இதுதான். எண்பத்தேழாம் வருஷப் புயலில் பழைய ஓக் சாய்ந்துவிட்டது. இரண்டு வருஷம் கழித்து, பிரெஞ்சுப் புரட்சியின் இருநூறாவது ஆண்டுக்காக, அதே இடத்தில் சுதந்திர மரம் ஒன்றை நட வேண்டும் என்று முடிவானது. உதவி ஆட்சியர் வருகிறார், புகைப்படக்காரர் வருகிறார், ஊர்க்காரர்கள் எல்லாரும் மதுக்கடையில். குழி தோண்டும் வேலை, டிராக்டர் வைத்திருந்த என் தலையில். பழைய இடத்தில் பூதம் மாதிரி ஒரு வேர்க்கட்டை. பக்கத்தில் லூசியேனின் எருக்குவியல். படத்தில் தேவாலயக் கோபுரமும் விழாது. கடப்பாரையை ஒரு முறை ஓங்கிப் போட்டேன். கீழே, ரொம்பக் கீழே, ஏதோ பதில் சொன்னது. கடப்பாரையை எடுத்துக்கொண்டு நாற்பது தப்படி தள்ளிப் போய்ப் புதுக் கன்றுக்குக் குழி வெட்டினேன். படம் அருமையாக வந்தது.

பிறகு ஊர்ப் பாரம்பரியக் குழுவுக்கு நானே தலைவன். “முன்னோர்கள் நட்ட அதே இடத்தில்” என்று கல்லில் பொறித்ததும் நான், சிறு புத்தகத்தில் பத்துப் பக்கம் உருகி உருகி எழுதியதும் நான். ஐந்து வருஷத்தில் ஊரே அதை நம்பியது. பத்தாவது வருஷம் நானே நம்பிவிட்டேன். பழைய இடம் நினைவிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கல்லறைக்குப் போய்விட்டார்கள். அந்த இடத்தின்மேல் லூசியேன் தொண்ணூற்று மூன்றில் காங்கிரீட் ஊற்றி ஒரு கண்ணாடி வராந்தா கட்டினான்.

கூட்டத்துக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை பிற்பகல், கிஸ்லேன் வீட்டுக்குப் போனேன். மழை கொட்டியது. கூரையிலிருந்து தண்ணீர்க் குழாய் வராந்தா ஓரத்தில் இறங்குகிறது. அவ்வளவு தண்ணீர் விழுந்தும் அங்கே ஒரு குட்டைகூட இல்லை. குனிந்து கேட்டேன். தாகமான மாடு தொட்டியில் வாய் வைத்ததுபோல, மண்ணுக்குள் ஒரு சத்தம். இழுத்து இழுத்துக் குடித்துக்கொண்டிருந்தது.

“அங்க என்னடா மோப்பம் பிடிக்கிற? நாயைத் தொலைச்சிட்டியா?” கிஸ்லேன் கதவைத் திறந்தாள். கதவு அடியில் தரையை உரசி முனகியது. “தூக்கித் தள்ளு. இந்த மாசம் மூணாவது தடவை இறங்கியிருக்கு.”

வராந்தாவில் மேசை, இரண்டு நாற்காலி, காபி, அதில் ஊற்ற ஆப்பிள் சாராயம். நான் வாசற்படியிலேயே நின்றேன்.

“உள்ள வாடா. உன்னைப் பார்த்தா வரி வசூலிக்க வந்தவன் மாதிரி இருக்கு.”

“கிஸ்லேன், ஒண்ணு சொல்லணும். அந்த ஓக்கை நான் இடம் மாத்தி நட்டுட்டேன்.”

அவள் சாராயத்தைக் கோப்பையில் ஒரு விரல் அளவுக்கு ஊற்றினாள்.

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“லூசியேன் சொன்னாரு. காங்கிரீட் போட்ட அன்னிக்கே. அந்தக் கட்டை மேலதான் ஊத்தினாரு. ‘அன்செல்ம் ஒரு சோம்பேறி, அவனால நமக்கு இங்க ஒரு மேடை கிடைச்சுது’ன்னு சிரிச்சாரு.”

“முப்பது வருஷமா தெரிஞ்சும் இதுமேல உக்காந்து காபி குடிக்கிறியா?”

“மெதுவாதான் குடிக்கிறேன்.” சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. “என் பொண்ணு நாலு வருஷமா எனக்கு ஒரு அறை காலியா வச்சிருக்கா. எனக்கு அறுபத்தொன்பது. நான் இங்கயே கிடந்து சாகணுமா? நாளைக்கு வட்டம் போயிடும், நானும் போயிடுவேன். நீ வாயை மூடிட்டு இரு.”

“அந்தச் சின்னப் பொண்ணுங்க?”

“என்னைத் தாங்கின தரை அவங்களைத் தாங்காதா?” என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. “அப்புறம், உன் பேச்சை யாருடா நம்புவா? நீ பிடிச்ச விலாங்கு மீனு மூணு மீட்டர்னு சொன்னவன்தானே நீ?”

“ரெண்டரை.”

“போடா.”

சனிக்கிழமை பத்து மணிக்கு ஊர்மன்றக் கூடத்தில் பாதி ஊர் இருந்தது. முன்வரிசையில் கிஸ்லேன், நல்ல கோட்டு போட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு. மேயர் ஒனோரே அறிக்கையைப் படித்தார். துளை போட்ட பெண் பொறியாளர் ஓரமாக உட்கார்ந்து, குறிப்பேட்டில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தார். “யாருக்காவது ஆட்சேபணை?” என்று மேயர் கேட்டதும் எழுந்தேன்.

சொன்னேன். எதையும் கூட்டாமல், பெரிதாக்காமல், என் வாழ்க்கையில் முதல் தடவையாக அப்படியே சொன்னேன்.

கூடமே சிரிப்பில் அதிர்ந்தது.

“முசியே அன்செல்ம்!” மேயர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “போன வருஷம் நம்ம தேவாலயத்துக்கு அடியில இங்கிலாந்து வரைக்கும் சுரங்கம் இருக்குன்னீங்க. அதுக்கு முந்தின வருஷம் உங்க லாரியை ஒரு ஓநாய் முப்பது கிலோமீட்டர் துரத்துச்சு. இப்ப வராந்தாவா?”

“மேயரே, ஓநாய் பொய். வராந்தா நிஜம்.”

“ஓநாய்க்கும் சத்தியம் பண்ணினீங்களே!” பின்னாலிருந்து ரொட்டிக் கடைக்காரர் கத்தினார். “அது பேருகூட சொன்னீங்க!”

சிரிக்காதவர்கள் மூன்று பேர்: நான், கிஸ்லேன், பொறியாளர். அந்தப் பெண் கிறுக்குவதை நிறுத்தியிருந்தார்.

“ஒரு நிமிஷம்,” என்றார். “பழைய மரம் எவ்வளவு பெரிசு?”

“மூணு ஆள் சேர்ந்து கட்டிப்பிடிக்கணும்,” என்றேன். பிறகு, “இல்ல. ரெண்டு ஆள்.”

“இப்ப இருக்கிற மரம் அதே இடத்துல நட்டதுன்னா, அந்தப் பெரிய மரத்தோட வேரு மண்ணுக்குள்ள கிடக்கணும். ஒன்பது துளை போட்டோம். சாம்பல்நிறக் களிமண், சிக்கிமுக்கிக் கல், சுண்ணாம்பு. பழைய வேரு ஒரு துண்டுகூட வரல. எனக்கு அப்பவே உறுத்துச்சு.”

சிரிப்பு சில வரிசைகளில் அடங்கியது. மேயர் தொண்டையைச் செருமினார். “அதை வச்சு என்ன முடிவு பண்றது? வேரு மக்கிப் போயிருக்கலாம். நாம வாக்கெடுப்புக்குப் போவோம்.”

பொறியாளர் மேயரைப் பார்க்கவில்லை. கிஸ்லேனைப் பார்த்தார். “மதாம், உங்க வராந்தாத் தரை இறங்குதா?”

கிஸ்லேன் கைப்பையின் கொக்கியைத் திறந்தாள், மூடினாள். திறந்தாள், மூடினாள். அந்தச் சின்னச் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. “இல்லை” என்று ஒரு வார்த்தை போதும். அவளுக்குத் துலூஸ், மகள், வெயில்.

“நேத்து சாயங்காலம் அந்தக் குட்டிங்க வந்தாங்க,” என்றாள். யாரிடமும் சொல்லாததுபோல் சொன்னாள். “வராந்தாவை அவங்களுக்கு விளையாட்டு அறையா ஆக்கப்போறாங்களாம். அளவெடுக்க வந்தாங்க. அப்பா அளவெடுக்க, ரெண்டும் கையைக் கோத்துக்கிட்டுக் குதிச்சாங்க. டப், டப், டப். நான் முப்பது வருஷமா அந்தத் தரையில சத்தம் வராம நடக்கப் பழகினவ. குழந்தைங்க குதிப்பாங்கன்னு எனக்கு ஞாபகமே இல்ல.”

கைப்பையை மூடி, இரண்டு கையையும் அதன்மேல் வைத்தாள்.

“அவங்க நின்ன அப்புறமும் சத்தம் நிக்கல,” என்றாள். “அடியில இன்னும் ரெண்டு தடவை கேட்டுச்சு. துளை போடுங்க.”

அன்றே வாக்கெடுப்பைத் தள்ளி வைத்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை இயந்திரம் திரும்பி வந்தது. வராந்தா மேல் ஏற்ற யாருக்கும் துணிவில்லை. வெளியே பாதையில் நிறுத்தி, கம்பியைச் சரித்து உள்ளே செலுத்தினார்கள். ஊரே வேலிக்கு வெளியே நின்றது. ரொட்டிக் கடைக்காரர்கூட அடுப்பை விட்டுவிட்டு வந்திருந்தார். கிஸ்லேன் குடையில்லாமல் என் பக்கத்தில் நின்றாள்.

மூன்று மீட்டரில் களிமண். ஐந்தில் களிமண். ஆறில், காபித்தூள் மாதிரி பழுப்பாக ஒன்று வெளியே வந்தது. பொறியாளர் விரலில் எடுத்து முகர்ந்தார். “மரம்,” என்றார். “உளுத்த மரம்.” கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

ஏழாவது மீட்டரில் இயந்திரத்தின் சத்தம் மாறியது. கம்பி தானாகப் போனது. யாரும் தள்ளவில்லை, யாரோ கீழேயிருந்து பிடித்து இழுத்ததுபோல் போய்க்கொண்டே இருந்தது. ஊருக்குள் நான் ஐம்பது மீட்டர் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்; அறிக்கையில் பதினெட்டு. பிறகு துளையிலிருந்து காற்று வந்தது. அத்தனை மழையிலும் அதை முகத்தில் உணர்ந்தேன். குளிர்ந்த, வெள்ளை மண் வாசனையுள்ள, நூற்றெழுபது வருஷமாக ஒருவரும் சுவாசிக்காத காற்று. வராந்தாவின் கண்ணாடி ஒன்று, யாரும் தொடாமல், மேலிருந்து கீழாக விரிசல் விட்டது.

மேயர் தொப்பியைக் கழற்றினார், ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

கிஸ்லேனை அன்று மதியத்துக்குள் வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லிவிட்டார்கள். ரூவான் தம்பதி தொலைபேசியில் நன்றி சொல்லிவிட்டு அழுதார்கள். வீட்டை அரசாங்கம் விலை கொடுத்து எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அதற்கு எத்தனை வருஷம் ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை. மகளின் அறை காலியாக இருந்தாலும், கையெழுத்து, விசாரணை, அளவீடு என்று அவள் ஊரில் இருந்தாக வேண்டும். காலி அறை இருந்தது என் வீட்டில். இரண்டு பெட்டியும், ரோஜாச் செடி ஒன்றை வேரோடு ஒரு வாளியிலும் எடுத்துக்கொண்டு வந்தாள். அன்று முழுக்கப் பேசவில்லை. மறுநாளும் இல்லை. நான் சமைத்த சூப்பை ருசி பார்த்து உப்பு போட்டாள், அதுதான் நாங்கள் நடத்திய மொத்த உரையாடல்.

வியாழக்கிழமை மேயர் வந்தார். துளை வழியாக ஒரு கேமராவை இறக்கிப் பார்த்தார்களாம். அடியில் நாலு பாதை. மூன்று, வயலுக்கு அடியில் போய் முடிகின்றன. நாலாவது மேற்கே சாலைக்கு அடியில் போகிறது. பாதி தூரத்தில் கூரை சரிந்து கிடப்பதால் கேமராவுக்கு அதற்கு மேல் தெரியவில்லை.

“மேற்கேன்னா?” என்று கேட்டேன்.

மேயர் என் சமையலறை ஜன்னல் வழியாகச் சாலையைப் பார்த்தார். “அடுத்த வாரம் இயந்திரம் திரும்ப வருது, முசியே அன்செல்ம்,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். இந்தத் தடவை கேலி செய்யவில்லை.

அவர் போனபிறகு கிஸ்லேன் நாற்காலியிலிருந்து எழுந்தாள். செருப்பைக் கழற்றினாள். என் சமையலறையின் குறுக்கே, அடுப்பிலிருந்து ஜன்னல் வரை, குதிகாலைத் தூக்கி வைத்து, சத்தமே வராமல் நடந்து பார்த்தாள். ஜன்னலருகே ஒரு தரை ஓட்டின் மேல் நின்றாள். ஒரு அடி பின்னால் வந்தாள். மறுபடி அதே ஓட்டின் மேல் நின்றாள்.

“நீயும் செருப்பைக் கழட்டு,” என்றாள்.

கழற்றினேன். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் தரையைப் பார்த்தபடி நின்றோம்.