நூற்றுப்பதினேழாம் குழி

மூன்றாவது தடவையும் சாண்ட்ரா அதே பொத்தானைத் தட்டினாள். மூன்றாவது தடவையும் திரை அதையே சொன்னது.

குழி 117: 3

"இன்னாம்மா ஆச்சி? மணி பன்னெண்டாவுது. நாலு மணிக்கு பொட்டி வந்துடும்," என்று ஃபோனில் கத்தினார் சுயம்பு. கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவர். "தரை காஞ்சிபோயி கீது. இப்ப கைய வெச்சாத்தான் முடியும்."

"அஞ்சு நிமிஷம்ண்ணா."

"இதோட மூணு அஞ்சு நிமிஷம் ஆயிடுச்சி. குழி நம்பர் போட்ட சீட்டு வராம நான் கடப்பாரைய தொட மாட்டேன். போன வருசம் குழிய மாத்தித் தோண்டி ரெண்டு குடும்பமும் என் சட்டைய புடிச்சிச்சே, மறந்துட்டியா?"

வெளியே கன்டெய்னர் லாரி ஒன்று விடாமல் ஹாரன் அடித்தது. தேவாலயப் பங்கு அலுவலக ஜன்னல் அதிர்ந்தது. சாண்ட்ரா உட்கார்ந்திருந்தது அப்பாவின் நாற்காலி. துறைமுகத்தில் ஓய்வுபெற்ற பிறகு, ஐந்து வருடமாக அம்புரோஸ் இங்கேதான் கல்லறைப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேற்றுச் சாயங்காலம் இதிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். இப்போது இரண்டு தெரு தள்ளி, வீட்டில், ஐஸ் பெட்டிக்குள்.

குடும்பக் குழியில் மூன்று பேருக்குத்தான் இடம். அது இந்தப் பங்கின் விதி. 117 அவர்களுடையது. தாத்தா, பிறகு அண்ணன் ஜெரி. இரண்டே பேர்.

"நீ எழுதின ப்ரோக்ராம்தானே பேஜாரு பண்ணுது? எங்கியோ கோட்ட வுட்டுக்கீற," என்றார் வாசலில் நின்ற ஜோ சித்தப்பா. அப்பாவின் தம்பி.

கோட்டை விட அதில் ஒன்றுமில்லை. போன தவக்காலத்தில் அப்பாவுக்காக எழுதிய பன்னிரண்டு வரி பைத்தான். பழைய நோட்டுகளை அப்பா ஒற்றை விரலால் ஒரே டெக்ஸ்ட் ஃபைலில் அடித்து வைத்திருந்தார். # போட்ட வரி குழியின் தலைப்பு. அதன் கீழே சிறு கோட்டோடு தொடங்கும் ஒவ்வொரு வரியும் ஓர் ஆள்: பெயர், காற்புள்ளி, அடக்கத் தேதி. அடுத்த தலைப்பு வரும்வரை ப்ரோக்ராம் கோடுகளை எண்ணும். அவ்வளவுதான்.

அவள் ஃபைலையே திறந்து தேடினாள்.

# குழி 117
- சவரிமுத்து, 14.03.1996
- ஜெரி, 19.06.2013
- வியாகுலம்மாள்,

அம்மாவின் பெயர். காற்புள்ளிக்குப் பிறகு ஒன்றுமில்லை.

ப்ரோக்ராம் எழுதிய அன்றைக்கு அப்பா கேட்டது ஞாபகம் வந்தது. 'தேதி இல்லன்னா கூட எண்ணுமா?' 'எண்ணும்ப்பா. கோடு இருந்தா போதும். ஏன்?' 'சும்மாதான்.'

சித்தப்பா எட்டிப் பார்த்தார். "உசுரோட கீற அண்ணிய எதுக்கு எழுதி வெச்சிகீறான்? அத அழிச்சிடு. ஒரு வரிதானே. அண்ணனுக்கு எடம் வந்துடும்."

சாண்ட்ராவின் விரல் அழிக்கும் பொத்தான்வரை போய் நின்றது. அங்கிருந்து திரும்பி 'அம்புரோஸ்' என்று தேடினாள். இருந்தது. பொது வரிசை, சுவரோரம். கடைசி வரி. அதிலும் தேதி இல்லை. அவரையும் சேர்த்துப் பொது வரிசையின் எண்ணிக்கை நாற்பத்திரண்டு.

வீட்டுக்கு ஃபோன் போட்டாள். பின்னணியில் பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, ஜெரி குழில மூணாவதா உன் பேர எழுதி வெச்சிகீறாரு அப்பா."

பின்னணியில் 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் ஒரு முறை முழுவதும் ஓடி முடிந்தது.

"அவரு?"

"சுவரோரம், பொது வரிசைல. உன் பேர அழிச்சா அப்பாவ ஜெரிகிட்ட வெக்கலாம். சுயம்பு அண்ணன் காத்துகினு கீறாரு. நீ சொல்லும்மா."

"ஜெரிய எறக்கின அன்னிக்கு நான்தான் கத்தினேன், என்னியும் இதுலயே போடுங்கன்னு. அந்த ஆளு ஒரு வார்த்த பேசல. குடைய புடிச்சிகினு நின்னாரு."

"அம்மா..."

"முப்பத்தெட்டு வருசத்துல ஒரு தபா எனக்கு பஸ்ல சீட்டு புடிச்சிருப்பாரா? தான் குந்திகினு, ஜன்னல் வழியா என்ன ஏறச் சொல்லுவாரு." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "எழுதினத அப்டியே வுடு."

ஃபோன் நின்றது.

"இன்னா சொன்னாங்க?" என்றார் சித்தப்பா. அவள் சுயம்புவைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, 117 வேணாம். சுவரோரம், பொது வரிசை."

"யாரு பேர்ல கீது அந்த எடம்?"

"எங்கப்பா பேர்ல."

"சீட்ட பின்னால அனுப்பும்மா," என்றார் சுயம்பு. பிறகு கடப்பாரை தரையில் இறங்கியது.

சீட்டு எழுதி சித்தப்பாவிடம் கொடுத்தனுப்பினாள். அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில், காற்புள்ளிக்குப் பிறகு, இன்றைய தேதியை அடித்தாள். ஒற்றை விரலால். ப்ரோக்ராமை மறுபடி ஓட்டினாள்.

பொது வரிசை: 42

அதே நாற்பத்திரண்டுதான்.