வயிற்றை எக்காமல்

வென்டிலேட்டரைப் பார்த்துக்கொள்ளும் பெண் கட்டிலருகே வந்ததுமே, தையல்காரரின் மனைவி படுத்திருந்த கணவரின் கையை இறுகப் பற்றிக்கொண்டு குனிந்தாள்.

"ஏங்க, நான்தான். கடைச் சாவி என்கிட்ட பத்திரமா இருக்கு."

என்ன பேசுகிறாள் என்பது முக்கியமில்லை. அவள் குரல் காதில் விழுந்தால் அவர் நெஞ்சு லேசாக எழும்பும். திரையில் காற்றழுத்தத்தின் எண் இறங்கும். இறங்கினால் நல்லது. நுரையீரல் இறுக இறுக எண் ஏறும் என்றும், இனியும் ஏறினால் "மேற்கொண்டு என்ன பண்றதுன்னு உக்காந்து பேசணும்மா" என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பேச்சைத் தள்ளிப்போடத்தான், அளவெடுக்கும் போதெல்லாம் அவள் பேசினாள்.

அந்தப் பெண் பொத்தானை அழுத்தினாள். உள்ளே போன காற்றை இயந்திரம் வெளியே விடாமல் சற்றுப் பிடித்து வைத்தது. திரையில் நேராக நிற்க வேண்டிய கோடு நடுவில் குழிந்தது.

"அக்கா, நீங்க பேசினா இவரும் சேர்ந்து மூச்சை இழுக்கிறாரு."

"இழுக்கட்டுமே. நல்லதுதானே?"

"அளவு பொய்யா வருதுக்கா. அதை நம்பி காத்தை அதிகமா வெச்சோம்னா, உள்ள கிழிஞ்சிடும்."

கிழிஞ்சிடும். வாழ்நாளெல்லாம் துணிகளுக்கு நடுவே இருந்தவளுக்கு அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. டேப் இடுப்பில் பட்டதும் வயிற்றை எக்காத ஆம்பிளை உலகத்தில் இல்லை என்பார் அவர். "வயித்தை விடுங்க சார். அப்புறம் சாப்பிட உக்காந்ததும் பட்டன் தெறிச்சு எதிர்ல இருக்கிறவர் கண்ணு போயிடும்." வந்தவர் சிரிப்பார், வயிறு தளரும், அந்த ஒரு நொடியில் அளவெடுத்துவிடுவார். ஆள் போனபிறகு அவளிடம், "எக்கின வயித்துக்குத் தைச்ச சட்டை வீடு போய்ச் சேராது" என்பார்.

"நான் வெளிய போகணுமாம்மா?"

"வேணாம்க்கா. கையை மட்டும் விடுங்க. கொஞ்ச நேரம் பேசாம இருங்க."

விட்டாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன அவர் விரல் அவள் உள்ளங்கையைச் சொரசொரவென்று உரசிக்கொண்டு விலகியது. நெஞ்சு மெல்ல அடங்கியது; இப்போது இயந்திரம் தூக்கினால் மட்டும் எழுந்தது. அந்தப் பெண் மறுபடியும் பொத்தானை அழுத்தினாள். கோடு விறுவிறுவென்று மேலேறி, துணிமேல் ஸ்கேல் வைத்துச் சாக்பீஸால் இழுத்ததுபோல் நேராக நின்றது.

எப்போதும் எண்ணை வாய்விட்டுச் சொல்கிற பெண் இந்தமுறை சொல்லவில்லை. இன்னொரு தரம் அளந்தாள். ஏறிய எண் அதே இடத்தில்தான் நின்றது.

"டாக்டரைக் கூட்டிட்டு வரேன்க்கா. நீங்க உக்காருங்க."

"இப்ப பேசலாமா நான்?"

"பேசுங்கக்கா. எவ்வளவு வேணும்னாலும் பேசுங்க."

அவள் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கடையில் நீளத் துணி அளக்கும்போது டேப்பின் ஒரு முனையை அவளிடம் கொடுத்துவிட்டு, மறுமுனையோடு அவர் மேசையின் அந்தப் பக்கம் போவார். அவர் தலையசைக்கும்வரை பிடித்திருக்க வேண்டும். வெளியே நடைவழியில் டாக்டரின் செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது. போர்வையின் மேல், அவள் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் ஒன்றோடொன்று அழுந்தி அப்படியே இருந்தன.