முப்பத்திரண்டு பதில் பாட்டுகள்

எங்கள் மாநிலத்துக்குக் கேரளம் என்று புதுப்பெயர் வைத்த மறு வருஷம், வைகாசியில் என் தங்கை முத்துப்பேச்சிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு மலைக்குக் கீழே கம்பம். பையன் தங்கமானவன். என் கவலையெல்லாம் அவனைப் பெற்ற பெரியம்மாளைப் பற்றித்தான்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம். தாலி கட்டிப் பந்தி முடிந்ததும் ஏசல் பாட்டு. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கும்மியடித்துக்கொண்டு கல்யாணப் பெண்ணைக் கேலி செய்து பாடுவார்கள். பெண் வீட்டார் பதில் பாட வேண்டும். மூன்று சுற்றுக் கும்மிக்குள் பதில் வரவில்லை என்றால் தோற்றதாக அர்த்தம். விளையாட்டுத்தான், ஆனால் அதோடு போகாது. முந்தின வருஷம் இப்படித் தோற்ற வீட்டுப் பெண்ணை அவள் மாமியார் இன்னமும் ‘ஊமைக் கோட்டான்’ என்றுதான் கூப்பிடுகிறாள். அப்படித் தோற்கடித்தவளும் பெரியம்மாள்தான். ஏசல் பாட அவளைக் கல்யாணத்துக்குக் கல்யாணம் கூட்டிப்போவார்கள்.

அப்பா அம்மா போனபின் முத்துப்பேச்சியை நான்தான் வளர்த்தேன். அவளை ஒருத்தி வாய்க்கு வந்தபடி கூப்பிடுவதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நல்லவேளை, நானே பாட்டுக் கட்டுகிறவன். மலைமேல் எங்கள் வண்டன்மேட்டில் இப்படி மூன்று பேர் உண்டு. என் பெயர் செல்லத்துரை, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை. சங்கையா அண்ணன் தோட்டத்துக் கங்காணி. சிலுவைராஜ் லாரி டிரைவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம் என்றால், பாட்டு எப்படிக் கட்டுவது என்பதில் சண்டை ஆரம்பித்துவிடும்.

“நான் கடைசி வரியத்தான் முதல்ல கட்டுவேன்” என்பார் சங்கையா அண்ணன். “போற ஊரு தெரிஞ்சாத்தானப்பா வண்டி பூட்ட முடியும்.”

“எனக்கு மெட்டு வந்தாப் போதும்ணே” என்பான் சிலுவைராஜ். “மலையில ரெண்டாவது கியர்ல ஏறும்போது இஞ்சினே ஒரு தாளம் போடும். அதுல மெட்டு வரும். அப்புறம் வார்த்தை தானா ஏறிக்கிடும், லாரிய நிறுத்துனா ஆளு ஏறுற மாதிரி.”

“கண்டதும் ஏறுனா அது பாட்டா, சந்தையா?” என்றேன் நான்.

எனக்கு எதுகை மோனை முக்கியம். அதற்கென்றே ஒரு நோட்டு வைத்திருந்தேன். மூக்கு, நாக்கு, பாக்கு, தேக்கு என்று ஜோடி சேருகிற சொற்களை அதில் வரிசையாக எழுதியிருந்தேன். “இவன் பாட்டு எழுதலப்பா, பலசரக்குச் சிட்டை எழுதுறான்” என்று சங்கையா அண்ணன் சொல்லுவார். பொறாமை என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனால் முத்துப்பேச்சி கல்யாணம் என்றதும் மூவரும் ஒன்று சேர்ந்துவிட்டோம். பெரியம்மாள் எதையெல்லாம் கேலி செய்ய முடியும் என்று பட்டியல் போட்டோம். மூக்கு, பல், நிறம், நடை, சமையல், ஏலக்காயெடுத்துக் கறைபிடித்த விரல் என்று முப்பத்திரண்டு வந்தது. முப்பத்திரண்டுக்கும் பதில் கட்டினோம். சங்கையா அண்ணன் கடைசி வரி, சிலுவைராஜ் மெட்டு, மிச்சமெல்லாம் நான். எல்லாவற்றையும் என் நோட்டில் வரிசையாக எழுதினேன். மூக்குக்குப் பதில் இது:

*மூக்கைச் சொல்ல வந்தவளே முன்னே வந்து நில்லடி*
*நாக்கு நீளம் அளக்கக் கோலு நம்ம ஊரில் இல்லடி*

முத்துப்பேச்சியோடு காயெடுக்கும் பெண்கள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தார்கள். அவளிடம் நோட்டை நீட்டினேன். சிரிக்காமல் படித்தாள்.

“எல்லாம் நல்லாத்தாண்ணே இருக்கு. மூக்கு இருக்கு, பல்லு இருக்கு. நான் எங்க இருக்கேன்?”

“உனக்கு என்ன தெரியும், போய்ச் சோத்தைப் போடு” என்றேன்.

கல்யாணத்தன்று எல்லாம் ஒழுங்காக நடந்தது. பந்தி முடிந்தது, பந்தலில் பெண்கள் வட்டம் கட்டினார்கள். பெரியம்மாள் கொண்டையை இறுக்கிக்கொண்டு நடுவில் வந்தாள். ஒல்லியான உடம்பு, கணீரென்ற குரல். கும்மி தொடங்கியது.

*மூக்கைச் சொல்ல வந்தவளே முன்னே வந்து நில்லடி*
*நாக்கு நீளம் அளக்கக் கோலு வண்டன்மேட்டில் இல்லடி*

எங்கள் பாட்டு, எங்கள் மெட்டு. அடுத்துப் பல்லுக்கான பாட்டு வந்தது, அதற்கடுத்து நிறத்துக்கானது. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி, நோட்டில் இருந்த வரிசையிலேயே பாடினாள். எங்கள் பெண்கள் திறந்த வாயை மூடவில்லை. அதையே திருப்பிப் பாடினால் பந்தலே சிரிக்கும்.

திரும்பி சிலுவைராஜைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

“மெட்டு ரொம்ப நல்லா அமைஞ்சிருச்சுண்ணே” என்றான் மெதுவாக. “காய் ஏத்திட்டுக் கம்பம் போறப்பெல்லாம் பாடிக்கிட்டே போனேன். பேட்டையில கேட்டாங்க, முழுசாப் பாடிக் காட்டுனேன்.”

அவனைத் திட்ட எனக்கு வாய் ஏது? சாயாக்கடையில் கேட்டவர்களுக்கெல்லாம் நான் பாடிக் காட்டினேன், கேட்காதவர்களையும் இழுத்து உட்காரவைத்துப் பாடினேன். பாட்டுக் கட்டுகிறவனால் வயிற்றுப்பசியைக்கூட அடக்க முடியும், கட்டிய பாட்டை அடக்க முடியாது. தானாகக் கெடாதவனை யாரும் கெடுக்க முடியாது என்று என்னையே நொந்துகொண்டேன்.

பெரியம்மாள் நிறுத்திவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள். கும்மி மட்டும் நடந்தது. ஒரு சுற்று முடிந்தது. மணையில் முத்துப்பேச்சி குனிந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது சுற்றும் முடிந்தது. அவள் கழுத்து இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. நாளை முதல் அவளுக்கு என்ன பெயரோ?

ஏசலில் ஆண்கள் பாடுவதில்லை. நான் வட்டத்துக்குள் போய்விட்டேன். எதுகை நினைவில்லை, மோனை நினைவில்லை. கண்ணில் பட்டது அவள் மட்டும்தான். வாயில் வந்ததைப் பாடினேன்.

*கஞ்சி வச்சா உப்பில்ல, கேட்டாக் கண்ணை உருட்டுவா*
*விடியும் முன்னே எழுப்பிவிட்டு வேலைக்கு என்னை விரட்டுவா*
*எனக்குக் காய்ச்சல் வந்ததுன்னா என்னைத் திட்டி அழுவா*
*தலைமேல தூக்கி வச்ச பேயி இது, அத்தை, நீங்க கொண்டு போங்க*

கடைசி வரி தாளத்தில் நிற்கவே இல்லை. ‘கொண்டு போங்க’ என்கிற இடத்தில் குரல் உடைந்துவிட்டது. பெண் வீட்டுக்காரனே பெண்ணை ஏசினான் என்று பந்தலில் ஒரே சலசலப்பு. சங்கையா அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

பெரியம்மாள் என்னை முறைத்தாள். ஏச வேண்டியவள் அவள். அவள் ஏச வேண்டியதை நானே ஏசிவிட்டேன். அவளுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு பக்கம்தான். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே மணைக்குப் போய், முத்துப்பேச்சியின் பக்கத்தில் நின்று, என்னைப் பார்த்துக் கைதட்டினாள்.

*பேயின்னு சொன்ன வாயைப் பொத்திக்கிடும் ஐயா*
*எம்மருமக கைபட்டா உப்பு எதுக்கு ஐயா*

பந்தல் அதிர்ந்தது. கம்பத்துப் பெண்களும் எங்கள் பெண்களும் ஒரே வட்டமாகச் சேர்ந்து என்னைச் சுற்றி வந்து ஏசினார்கள். என் மூக்கு, என் நடை, என் நோட்டு, எதையும் விடவில்லை. யார் ஜெயித்தது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. சிலுவைராஜ் விசிலடித்தான், வெட்கங்கெட்டவன்.

நான் பதிலுக்கு ஏதோ பாட வாயெடுத்தேன். முத்துப்பேச்சி நிமிர்ந்து பார்த்தாள். கண்ணெல்லாம் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு.

“போதும்ணே” என்றாள். “எங்க அத்தைய எதுத்துப் பாடாத.”

எங்க அத்தையாம். நான் வாயை மூடிக்கொண்டேன்.