மாட்டேன் என்று ஓர் ஒத்திகை

தையல்காரிக்கு நாத்தனாரை முதலிலிருந்தே பிடிக்காது என்று சொன்னால் அது பச்சைப் பொய். நாத்தனார் வந்த புதிதில் விழுந்து விழுந்து உபசரித்தவளே இவள்தான். தன் எட்டு வயது மகள் போய் அவளிடம் ஒட்டிக்கொண்ட பிறகுதான் கசந்தது.

நாத்தனார் பஸ் கண்டக்டர். இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து, வீடு கிடைக்கும்வரை அண்ணன் வீட்டுப் பின்னறையில் தங்கியிருந்தாள். பின்படியில் நின்று பேசினால் டிரைவர் காதில் விழும் குரல். மகளுக்கோ வீட்டில் சுண்டெலி என்றுதான் பெயர். வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பெண் தினமும் கையை நீட்டி, "குடு" என்பாள். சுண்டெலி கலர் பென்சிலைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து நிற்பாள். தையல்காரி என்னதான் செய்யவில்லை? டீச்சரிடம் நடையாய் நடந்தாள். மகளைக் கட்டிக்கொண்டு மூக்கைச் சிந்தினாள். பென்சில் மட்டும் வந்தபாடில்லை.

நாத்தனார் மாலையில் டியூட்டி முடிந்து வந்ததும் நாடகம் போட்டாள். அதில் அவள்தான் பென்சில் கேட்கும் பெண்.

"ஏய், சிவப்பைக் குடு!"

"இந்தா."

"என்னடி இந்தா? திரும்ப முதல்லருந்து. நேரா நில்லு. கண்ணப் பாரு. இளிக்காத. ஒரே வார்த்தை."

"மா... மாட்டேன்."

"கடைசி சீட்டுக்குக் கேக்கல!"

பின்னறையில் சிரிப்புச் சத்தம் எழும்போதெல்லாம் முன்னறையில் தையல் மெஷின் தறிகெட்டு ஓடியது. ஒரு சட்டைக்குக் காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்து, பிரித்து, மறுபடியும் தலைகீழாகவே தைத்தாள். பெரிய நடிகை வந்துவிட்டாள் என்று நூலைப் பல்லால் கடித்தாள்.

பத்தாம் நாள் சுண்டெலி பள்ளியிலிருந்து ஓடிவந்தாள். வாசலில் நின்ற அம்மாவைத் தாண்டி நேரே பின்னறைக்குள் பாய்ந்தாள். "அத்தை! சொல்லிட்டேன்! அவ கையை எடுத்துட்டா!" பெற்றவளுக்கு அந்தச் சேதி சுவரைத் தாண்டித்தான் வந்தது. அவளுக்கு வயிறு எரிந்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் இப்படி எரிகிறதே என்று இன்னும் கொஞ்சம் எரிந்தது.

மறுநாள் நாத்தனாருக்கு மாலை ஷிப்ட். தையல்காரி மெஷினை மூடிவிட்டு மகளைக் கூப்பிட்டாள்.

"இன்னைக்கு அம்மாகூட நாடகம். நான்தான் அந்தப் பொண்ணு. கண்ணு, அந்த சிவப்பைக் கொஞ்சம் குடுடா செல்லம்."

சுண்டெலி விழுந்து விழுந்து சிரித்தாள். "அவ செல்லம்னெல்லாம் சொல்ல மாட்டாம்மா. உனக்கு நடிக்கவே தெரியல."

தையல்காரிக்குச் சுருக்கென்றது. "சரி, வேற நாடகம். நான் அம்மா, நீ பொண்ணு. இது தெரியும்ல எனக்கு?" குரலைக் கூட்டினாள். "இனிமே ஸ்கூல்ல எது நடந்தாலும் முதல்ல என்கிட்டதான் சொல்லணும். அத்தைகிட்டயெல்லாம் அப்புறம்தான்."

மகளின் சிரிப்பு நின்றது. நேராக நின்றாள். அம்மாவின் கண்ணைப் பார்த்தாள்.

"மாட்டேன்."

"சபாஷ்!" தையல்காரி கை தட்டினாள். "அத்தை சொல்லிக்குடுத்ததைவிட நல்லா வருது பாரு! இன்னும் சத்தமா!"

"மாட்டேம்மா."

"அப்படித்தான்! இன்னொரு தடவை!"

"அம்மா, நான் நடிக்கல."

தட்டிய கை தட்டியபடியே நின்றது.

"ஏன்டி?" என்று கேட்டபோது அவளுக்கே தன் குரல் அடையாளம் தெரியவில்லை. "அத்தை அப்படி என்னடி உசத்தி?"

சுண்டெலி கொஞ்சம் யோசித்தாள். அம்மாவை நோகடிக்க வேண்டும் என்ற எண்ணமெல்லாம் அவளுக்கு இல்லை.

"உன்கிட்ட சொன்னா நீ அழுவ. அப்புறம் நான்தான் உன்ன சமாதானப்படுத்தணும். அத்தை அழ மாட்டாங்க."

அந்த நிமிஷத்திலும் தையல்காரிக்கு நாத்தனார்மீதுதான் பொறாமை பொங்கியது. அழாத ஒருத்தியைப் போய் மகள் கண்டுபிடித்துவிட்டாளே! வேகமாகக் கண்ணைச் சிமிட்டினாள்.

மகள் நகரவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துவிட அவளுடைய துப்பட்டாவின் நுனியைக்கூடத் தயாராகக் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"இப்ப அழப் போறியாம்மா?"

தையல்காரி இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். வாயைத் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.