தேசூர் லைன்

ஆரணியில் லைன்மேன் ராமதாஸின் மனைவி அபிதகுசாம்பாள் பொறாமைப்பட்டால் மின்சாரம் அவள் குதிகால் வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும். கல்யாணமாகிப் பல வருடங்கள் இது யாருக்கும் தெரியாது. பொறாமைப்பட அவளுக்கு ஒன்றும் இருக்கவில்லை. சத்யப்ரியா உதவிப் பொறியாளராக மாற்றலாகி வந்த ஆடி மாதத்தில்தான் களம்பூர் பக்கம் போகும் லைன் அடிக்கடி ட்ரிப் ஆகி நிற்கத் தொடங்கியது. சப்ஸ்டேஷனில் எர்த் ஃபால்ட் விளக்கு எரியும். எங்கோ மின்சாரம் மண்ணுக்குள் கசிகிறது என்று அர்த்தம். விசைத்தறிகள் பாதிச் சேலையில் நின்றன. தறிக்காரர்கள் ஆபீசுக்கு வந்து சத்தம் போட்டார்கள். ராமதாஸும் மேடமும் ஜீப்பில் ஏறி அறுந்த கம்பியையும், கம்பத்தில் வெடித்த பீங்கானையும், கம்பியில் சாய்ந்த கிளையையும் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

வீட்டில் சாப்பிடும்போது ராமதாஸ் வேறு பேச்சே பேசவில்லை. மேடம் வெயிலுக்குக் குடைகூடப் பிடிப்பதில்லை என்றான். களம்பூர் வரை லைனை நடந்தே பார்த்தார் என்றான். மேடத்தின் எலுமிச்சை சாதத்தில் வேர்க்கடலை இருந்தது என்றான். அபிதகுசாம்பாள் ரசம் ஊற்றினாள். அவள் நின்ற சிமெண்டுத் தரை சூடானது, லைன் போனது, போன் வந்தது, அவன் பாதிச் சாப்பாட்டில் கைகழுவிக்கொண்டு மேடத்தோடு ஃபால்ட் தேடக் கிளம்பினான். அவன் போகப் போக அவள் பொறாமை கூடியது. கொல்லையில் அவள் துணி காயப்போடும் இடத்தில் கனகாம்பரம் கருகியது. புரட்டாசிக்குள் அவளும் பாதியாக இளைத்துவிட்டாள்.

கடைசியில் சத்யப்ரியா லைனைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தாள். சுவிட்சுகளைத் திறந்து, நல்ல பகுதியை ஒதுக்கி, மிச்சத்தை மறுபடி பாதியாக்கி, ஒரு தெருவுக்கும், அங்கே ஒரு கம்பத்துக்கும், அதிலிருந்து ராமதாஸ் வீட்டுச் சமையலறைக்கும் வந்து சேர்ந்தாள். கசிவு பார்க்கும் மீட்டரை அபிதகுசாம்பாளின் காலடியில் வைத்தாள். முள் ஏறி நின்றது.

"எப்பலேர்ந்துக்கா இப்படி?"

"நீங்க வந்ததுலேர்ந்து. தெனம் உங்க பேச்சேதான் பேசிகினு கீறாரு. நான் இன்னா பண்றது, காலு எரியுது."

சத்யப்ரியா மீட்டரைத் தரையோடு அழுத்திப் பிடித்தாள். "அவரு ஜீப்புல இன்னா பேசினாருன்னுகூட எனக்கு ஞாபகம் இல்லக்கா. நான் கம்பியத்தான் பாத்துகினு வந்தேன்."

முள் கீழே இறங்கியது. அதைக் கேட்டு, கூடவே வந்து நின்ற ராமதாஸின் முகம் வாடிப்போனதை அபிதகுசாம்பாள் பார்த்தாள். முள் முன்பைவிட மேலே போனது. தெருவில் தறிச்சத்தம் நின்றது.

ரப்பர் செருப்பு கொடுத்துப் பார்த்தார்கள், செருப்பு உருகிவிட்டது. சத்யப்ரியாவே கேட்டு தேசூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். தீபாவளிச் சேலைகள் தடையில்லாமல் முடிந்தன, அபிதகுசாம்பாளுக்கும் உடம்பு தேறியது. தை மாதத்தில் ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டே, தேசூரில் இந்த வருடம் மழை எப்படியோ என்று ராமதாஸ் பொதுவாகச் சொன்னான். அவள் அவன் இலையில் இன்னொரு அப்பளம் வைத்தாள். ஆரணியில் ஒரு பல்புகூட மினுக்கவில்லை. தேசூர் லைன் போனது.

இப்போது தேசூரில் கரண்ட் போனால் யாரும் கம்பியைப் பார்க்கப் போவதில்லை. ராமதாஸுக்குப் போன் செய்து வீட்டில் என்ன பேச்சு என்று விசாரிக்கிறார்கள். அவன் பேச்சை மாற்றுகிறான், கரண்ட் வந்துவிடுகிறது.