நான்காம் வாசலில் நுழைந்தால் ஜன்னல்கள்

மீட்டர்க்காரர் தன் வீட்டுக் கூடத்துத் தரைக்குள் இறங்கத் தொடங்கியது ஒரு புதன்கிழமை காலை. வேலையிலிருந்து ஓய்வு பெற்று அப்போது நாற்பது நாள்கூட ஆகியிருக்கவில்லை. பேப்பரைப் படித்து முடித்து நாற்காலியிலிருந்து எழுந்தவருக்குக் கால் வரவில்லை. குனிந்து பார்த்தால் இரண்டு பாதங்களும் மொசைக் தரைக்குள் போயிருந்தன. தரை விரியவுமில்லை, நொறுங்கவுமில்லை. அவர் காலைச் சுற்றிக் கச்சிதமாக மூடிக்கொண்டிருந்தது. மனைவி ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தாள். தோள் வலித்ததுதான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமைக்குள் கணுக்கால் மறைந்துவிட்டது. அதற்கப்புறம் வேகம் குறைந்து, மாதத்துக்கு இரண்டு விரற்கடை என்று ஒரு கணக்கில் நின்றது. முப்பத்தொரு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவர் என்பதால், ஒவ்வொரு ஒன்றாம் தேதியும் அடிக்குச்சியை வைத்து அவரே தன்னை அளந்துகொண்டார்.

மனைவி ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் ரத்தம் எடுக்கிற வேலையில் இருந்தாள். குத்துவதே தெரியாது என்பதால் அக்கம்பக்கத்தில் அவளுக்கு ஊசியக்கா என்றே பெயர். பிள்ளைகள் இல்லை. கணவரின் ரத்தத்தையும் அவளே எடுத்துக்கொண்டு போய்ச் சோதித்தாள். சர்க்கரை கொஞ்சம் கூடியிருந்ததைத் தவிர ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர், இது உடம்புச் சமாச்சாரம் இல்லை, நல்ல கொத்தனாராகக் கூப்பிடுங்கள் என்றார். கொத்தனார் தரையைச் சுற்றிலும் தட்டிப் பார்த்துவிட்டு, தரை கல்லு மாதிரி இருக்கிறது, ஆள்தான் இளகியிருக்கிறார், டாக்டரிடம் காட்டுங்கள் என்றார். ஒருதரம் உளி வைத்து உடைத்தும் பார்த்தார்கள். உள்ளே மணல் இருந்தது, கால் இல்லை. கட்டைவிரலை ஆட்டுகிறேன் பார் என்றார் மீட்டர்க்காரர். எங்கே பார்ப்பது? உடைத்த இடத்தைச் சிமெண்ட் போட்டுப் பூசிவிட்டுக் கொத்தனார் போனார். பீரோவை அவர் முதுகுக்குப் பின்னால் நகர்த்தி, அதில் இரண்டு தலையணைகளைக் கட்டிவிட்டாள் ஊசியக்கா. நின்றபடியே தூங்க அவர் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டார்.

அந்த வீட்டை அவர்தான் நின்று கட்டியது. எல்லாம் சரியாக இருந்தது, அடுப்படியைத் தவிர. அடுப்படிக்கு ஜன்னல் கிடையாது. ஜன்னல் வரவேண்டிய சுவருக்கு அந்தப் பக்கம் அவர் தம்பியின் இடம். எல்லைச் சுவர் எழுப்பும்போது ஆறு அங்குலம் இப்படி வந்துவிட்டது, இல்லை அப்படிப் போய்விட்டது என்று அண்ணன் தம்பிக்குள் வாய்த்தகராறு முற்றி, பேச்சே அறுந்துபோனது. அவன் மூஞ்சியில் முழித்துக்கொண்டா சமைப்பது என்று அண்ணன் ஜன்னலுக்கு விட்ட இடத்தையும் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். பதினேழு வருஷமாக ஊசியக்கா பட்டப்பகலில் ட்யூப்லைட் போட்டுக்கொண்டுதான் சமைத்தாள். சுவரில் பூசணம் பூத்தது. சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தால் அடுத்த மழைக்கு மறுபடி பூத்தது. அவளுக்கு இருமல் வந்து, போகாமல் தங்கிவிட்டது.

வருஷத்தின் கடைசியில் நான்கு நாள், ஊருக்கு வெளியே இருக்கிற பெரிய கொட்டகைகளில், வீடு கட்டுகிறவர்களுக்கும் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்களுக்குமாகக் கண்காட்சி நடக்கும். விளம்பரம் பேப்பரில் வந்ததும் கத்தரித்துக் காலண்டரில் குத்தி வைப்பாள். ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு வரலாங்க என்பாள். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்பார். நான்கு நாளும் கழிந்ததும் அவளே அதைக் கிழித்துக் குப்பையில் போடுவாள். அப்போதெல்லாம் அடுப்படிக்குள் நின்று, வாய்க்குள்ளேயே, இந்த மனுஷன் மண்ணாப் போக என்று ஒரு வார்த்தை சொல்வாள். எந்தப் பெண்டாட்டிதான் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அவருக்குச் சாப்பாடு எடுத்துவைக்கப் போவாள்.

அவர் முழங்கால்வரை இறங்கியிருந்தபோது அந்த வருஷத்து விளம்பரம் வந்தது. அவள் அதைக் கத்தரிக்கவில்லை. அவர்தான் கத்தரிக்கோலைக் கேட்டார்.

"இந்த வருஷம் போயிட்டு வந்துடணும்."

"நீங்க எப்படி வருவீங்க?"

"நான் எங்க வர்றது? நீ போ. நான் உனக்கு வழி போட்டுத் தர்றேன்."

அன்று ஆரம்பித்தது அந்த ஏற்பாடு. கண்காட்சிக்காரர்கள் அச்சடித்த வரைபடத்தை அவள் வாங்கி வந்து கொடுத்தாள். தரையே அவருக்கு மேஜைபோல் வாகாக இருந்தது. எந்த பஸ், எந்த நிறுத்தத்தில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும், இறங்கினதும் எந்த ஓரமாக நடந்தால் வெயில் படாது, எந்த வீட்டு நாய் கயிற்றில் இருக்காது என்று எல்லாவற்றையும் பென்சிலால் எழுதினார். அந்தத் தெருக்களில் அவர் கால் படாத வாசல் கிடையாது. ஆனால் அவள் போவதாக இருந்த சனிக்கிழமை அவருக்குக் குளிர்காய்ச்சல் கண்டது, அவள் போகவில்லை. அடுத்த வருஷம் இடுப்புவரை போயிருந்தார். வரைபடத்தைத் திருத்தி மறுபடி எழுதினார். அப்போது ஊரெல்லாம் விஷக்காய்ச்சல் பரவி, பரிசோதனை நிலையத்தில் வரிசை தெருவரை நின்றது, லீவு கிடைக்கவில்லை. நின்றுபோன அந்த இரண்டு பயணங்களுக்கும் சேர்த்து அவர் மூன்றாம் வருஷம் ஒரு முழு நோட்டையே நிரப்பிவிட்டார். அப்போது மார்புவரை தரைக்குள் இருந்தார். இரண்டு கைகளையும் தரைமேல் ஊன்றிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டிக்குள் நின்று எட்டிப் பார்க்கிறவரைப்போல இருந்தார்.

அந்த நோட்டைப் புரட்டியபோதுதான் ஊசியக்கா கவனித்தாள். தரைக்காரர்கள், சிமெண்ட்காரர்கள், அஸ்திவாரம் பார்க்கிறவர்கள் எல்லாரும் இரண்டாம் வாசலில் இருப்பதாக வரைபடம் சொன்னது. அவர் போட்ட வழி இரண்டாம் வாசலைத் தொடவே இல்லை.

"இது தப்பா இருக்கே. தரைக்காரங்களத்தான நான் பாக்கணும்?"

"நாலாம் வாசல்ல நுழைஞ்சா நேரா ஜன்னலுங்க. வேற எங்கயும் சுத்தாத, உனக்கு மூச்சு வாங்கும்."

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. அழுகை வந்திருந்தாலாவது தேவலை. "பதினேழு வருஷம் நாயா கேட்டேன். அப்பல்லாம் காதுல வாங்கல. இப்ப நீங்க புதைஞ்சுக்கிட்டு இருக்கீங்க, எனக்கு ஜன்னல் கேக்குதாக்கும்!" என்று கத்தினாள். அவர் பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தார். கொஞ்சநேரம் கழித்து அவள் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்து, யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"நான் உங்கள மண்ணாப் போகன்னு திட்டியிருக்கேங்க. ஒரு தடவ ரெண்டு தடவ இல்ல."

"தெரியும். செவுரு வழியா கேக்கும்."

"அதனாலதான் இப்படி ஆச்சோன்னு..."

"அட போம்மா. நானும் உன்னத் திட்டாத திட்டா? நீ என்ன ஆயிட்ட? ஊசி குத்திக்கிட்டு நல்லாத்தான இருக்க."

போவதென்று முடிவானது. அன்றைக்கு அவர்கூட யார் இருப்பது என்பதில் வந்து நின்றது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதற்கும் ஒரு வரி இருந்தது: தம்பியைக் கேட்டுப்பார்.

தம்பிக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. ஊசியக்கா உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்றார். அண்ணன் இறங்குவது அவருக்குத் தெரியாமல் இல்லை. கொத்தனார் உடைத்த சத்தத்தைக் கேட்டுச் சுவர் ஓரமாக வந்து நின்றிருக்கிறார். "நான் வந்தா, என்னப் பாத்த வேகத்துல இன்னும் ஒரு அடி இறங்கிடுவாரு அண்ணி" என்றார். "இறங்கினா இறங்கட்டும் தம்பி. தனியா இறங்க வேண்டாம்" என்றாள். அவர் ஒரு கண்ணாடியைத் துடைத்தார், துடைத்ததையே மறுபடி துடைத்தார். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வந்து கூடத்தில் நின்றார். அண்ணன் ஜன்னல்பக்கம் பார்த்தார், தம்பி காலண்டரைப் பார்த்தார். தண்ணீர்ச் செம்பு, விசிறி, மாத்திரை எல்லாம் எங்கே என்று காட்டிவிட்டு ஊசியக்கா கிளம்பினாள்.

வழி எழுதினபடியே இருந்தது. உட்கார இடம் கிடைத்தது. வெயில் படவில்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவர் பேச்சை மீறி இரண்டாம் வாசலில் நுழைந்தாள். டைல்ஸ்காரர் அவள் சொன்னதைக் கடைசிவரை கேட்டுவிட்டு, தரைக்குத்தான் நாங்கள் பொறுப்பு, அதற்குள் போகிற ஆளுக்கு இல்லை என்று கும்பிட்டார். நீர்க்கசிவுக்கு மருந்து விற்கிற அம்மாள்தான் அவளை ஸ்டூலில் உட்காரவைத்தாள். "எங்க அப்பா இப்படித் தரைக்குள்ள போய் ஆறு வருஷம் ஆச்சு. வெளிய இழுக்க நாங்க பண்ணாத கைவைத்தியம் இல்ல. தோண்டாதீங்க, அவங்களுக்கு வலிக்குமோ என்னமோ. சுத்தி ஈரம் வராமப் பாத்துக்கங்க, அவ்வளவுதான்." ஊசியக்கா தலையாட்டினாள். எழுந்து நான்காம் வாசலுக்கு நடந்தாள்.

அங்கே சுவரே இல்லாமல் ஜன்னல்கள் வரிசை வரிசையாக நின்றன. ஒன்றைத் திறந்தாள். அந்தப் பக்கம் முன்பின் தெரியாதவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். மூடினாள், அடுத்ததைத் திறந்தாள். அப்படி எத்தனை திறந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கடைசியில் இரண்டு கதவு வைத்த ஒரு மர ஜன்னலுக்கு அளவு எழுதிக்கொடுத்தாள். மூன்றேகால் பஸ் என்று நோட்டில் இருந்தது. அவள் ஏறியது ஐந்தரை பஸ்ஸில்.

வீட்டுக்குள் வந்தபோது மீட்டர்க்காரர் தாடைவரை இறங்கியிருந்தார். கைகளும் உள்ளே போய்விட்டன. தம்பி தரையில் குப்புறப் படுத்து, முகத்துக்கு நேராக முகம் வைத்திருந்தார். இரண்டு பேரும் அந்த ஆறு அங்குலத்தைப் பற்றிக் காலையிலிருந்து வாதாடிக்கொண்டிருந்தார்கள். யாரும் விட்டுக்கொடுத்ததாகத் தெரியவில்லை. தம்பியின் கன்னமெல்லாம் ஈரமாக இருந்தது. "எல்லைக்கு நூல் பிடிச்சது நீதாண்டா" என்று அண்ணன் முடித்துவிட்டு, அவள் பக்கம் கண்ணைத் திருப்பினார்.

"எத்தன கதவு?"

"ரெண்டு. வெளிப்பக்கமா திறக்கிறது."

"அப்ப இவன் செவுத்துல இடிக்கும்."

"இடிக்கட்டும். ஆளுங்க எங்க பக்கம் நின்னே வேலை செய்யட்டும் அண்ணி" என்றார் தம்பி.

"என்னங்க, நான் ரெண்டு மணி நேரம் முன்னாடியே வந்திருக்கலாம்" என்றாள் ஊசியக்கா.

"எனக்குத் தெரியும் நீ லேட்டாக்குவேன்னு" என்றார் அவர். அதற்குமேல் வாய் தரைக்குக் கீழே போய்விட்டது. அவர் பேசியதில் அதுதான் கடைசி.

பன்னிரண்டாம் நாள் ஜன்னல் வைத்தார்கள். அப்போது கண்ணும் நெற்றியும் மட்டும் மேலே இருந்தன. அவள் அவற்றுக்கு முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தாள். ஈரத்துணியால் தூசியைத் துடைத்தாள். அடுப்படியில் செங்கல்லை எடுத்ததும் முதல்தடவையாக வெளிச்சம் வந்து, வாசற்படியைத் தாண்டி, கூடத்தில் அவர் புருவம்வரை நீண்டது. கூசியதோ என்னவோ, கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் காலை அவள் டீ போட்டுவிட்டு வந்து பார்த்தபோது தரை ஒரே மட்டமாக இருந்தது. மொசைக் கல்லில் ஒரு கீறல்கூட இல்லை. அவள் அந்த இடத்தில் கையை வைத்துப் பார்த்தாள். மற்ற இடத்தைப் போலத்தான் இருந்தது. டீ ஆறுகிறவரை உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து தலைவாரிக்கொண்டு வேலைக்குப் போனாள். அன்று மட்டும் மூன்று பேர் வலித்தது என்று சொன்னார்கள்.

அதற்கப்புறம் நாலைந்து மழைக்காலம் போயிற்று. இருமல் குறைந்தது; முழுக்க நிற்கவில்லை. தம்பியின் சுவரில் ஜன்னல் கதவு இடித்து இடித்து ஒரு பள்ளம் விழுந்தது, அவர் அதைப் பூசவில்லை. ஒரு கோடையில் குடும்பக் கணக்கெடுப்புக்கு ஒரு டீச்சர் வந்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். ரெண்டு பேர் என்றாள் ஊசியக்கா. அவர் எங்கே, வெளியூரா என்று டீச்சர் கேட்டார். இல்லை, வீட்டில்தான் இருக்கிறார் என்று சொல்லி, டீச்சரின் செருப்புக்குப் பக்கத்தில் கையைக் காட்டினாள். டீச்சர் சட்டென்று எழுந்து, "ஐயோ, கவனிக்கலைங்க, மன்னிச்சிடுங்க" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, நாற்காலியை ஓரமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டார். வயது கேட்டார், சொன்னாள். தொழில் கேட்டார், ஓய்வு பெற்றவர் என்றாள். எழுதிக்கொண்டு, கணக்கெடுப்பின்போது வீட்டில் இருந்தார் என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்குப் போனார்.