ஷாரோன் பார்த்த உளவாளித் தொடர்

ஒரகடத்தில் கார் சீட் தைக்கும் கம்பெனியில் நாளெல்லாம் நின்று வேலை செய்துவிட்டு வரும் ஷாரோனுக்கு, சாயங்காலம் டிவியில் அந்த உளவாளித் தொடரைப் பார்த்தாக வேண்டும். அதில் வரும் பெண், தன்னோடு வேலை செய்பவர்களையே வேவு பார்ப்பாள். மாட்டிக்கொண்டால் ஏதாவது ஜோக் அடித்துத் தப்பிவிடுவாள். கால் கடுத்து வந்தவளுக்கு அந்தச் சிரிப்பு போதும்.

ஒருநாள் சூப்பர்வைசர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"யூனியன் பத்தி யார் பேசறாங்கனு மட்டும் சொல்லும்மா. உன்னை உக்காந்து பாக்கற வேலைக்கு மாத்திடறேன்."

யூனியன் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவள், கம்பெனி பஸ்ஸில் தினமும் அவள் பக்கத்தில் உட்காரும் அறிவுமதி.

"எனக்குத் தெரியாது சார்" என்றாள் ஷாரோன். மறுநாளே அவளைப் பாரம் தூக்கும் லைனுக்கு மாற்றினார்கள்.

அன்று சாயங்காலம் தொடரில் அந்தப் பெண் தன் தோழியைக் காட்டிக்கொடுத்தாள். அடுத்த காட்சியில் இருவரும் சேர்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள்.

"இன்னா ஷாரோன், சிரிப்பையே காணோம்?" என்றான் புருஷன் இளம்பரிதி.

"காட்டிக் குடுத்துட்டு அவ மூஞ்சில எப்படி முழிச்சான்றத மட்டும் காட்டவே மாட்டேன்றாங்க."

ஆனாலும் சேனலை மாற்றச் சொல்லவில்லை. தோள்பட்டை விண்விண்ணென்று வலித்தது. டிவியின் சிரிப்புச் சத்தத்திலேயே சுவரில் சாய்ந்து தூங்கிப்போனாள்.